வாங்காமல் போகிறவர்கள்

தை முகூர்த்தத்துக்கு எந்தக் கரை வைத்த புடவையை நெய்யச் சொல்வது என்று எங்கள் பட்டுக்கடைக்குள் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். தறியில் பாவு நூலை நீளவாக்கில் பூட்டிவிட்டால் அது தீரும்வரை கரையை மாற்ற முடியாது. புடவை வாங்கியவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன். அகலக் கரைதான் அழகு என்றார்கள்.

கல்லாவில் இருந்த தங்கை சிரித்தாள். “வாங்கனவங்களையே கேட்டுக்கினு இருக்கியேண்ணா. வாங்காம போறவங்கதானே அதிகம்?”

சுருக்கென்றது. வெறுங்கையோடு இறங்கிய ஓர் அம்மாவின் பின்னால் ஆட்டோ வரை ஓடினேன்.

“எதுவும் புடிக்கலையாமா?”

“புடிச்சுதான் இருக்குதுபா. அவ்ளோ பெரிய கரை வெயிட்டுக்கு, எம்பொண்ணு மேடையில எவ்ளோ நேரம் நிப்பா?”

அதற்குப் பிறகு வெறுங்கையோடு போனவர்களில் பலரும் அதையே சொன்னார்கள். சின்னக் கரைக்கே பாவு பூட்டச் சொன்னேன்.

இப்போதும், பையோடு போகிறவர்களுக்கு உட்கார்ந்தபடியே கும்பிடு போடுகிறேன். யாராவது வெறுங்கையோடு படியிறங்கினால்தான், கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.