கங்கம்மாவும் கிழட்டுக் கமாண்டரும்

கங்கம்மாவுக்கு எந்தப் படத்தின் முதல் பாதியும் தெரியாது. கவரைப்பேட்டை டூரிங் டாக்கீஸ் வாசலில் அவள் அம்மா முறுக்கும் வேர்க்கடலையும் விற்றாள். இடைவேளை விட்டதும், ஏழாவதோடு பள்ளியை நிறுத்திய மகளின் தலையில் தட்டை ஏற்றி உள்ளே அனுப்புவாள். விற்று முடித்தபின் மணலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மிச்சப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் கிழிப்பவன் கொடுத்த சலுகை அவ்வளவுதான்.

அந்த விண்கலப் படங்கள் அப்படித்தான் அவளுக்குள் இறங்கின. வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக எடுத்து, தமிழில் பேச வைத்து அனுப்பிய படங்கள். எல்லாவற்றிலும் ஒரே கமாண்டர், ஒரே கப்பல். கப்பல் எரிவதும், கமாண்டர் நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதும், கடைசியில் நட்சத்திரங்களைப் பார்த்தபடி நிற்பதும் அவளுக்கு அத்துப்படி. கப்பல் ஏன் எரிந்தது, அந்த நண்பன் யார் என்பதெல்லாம் அவள் வெளியே முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்து முடிந்திருக்கும். அதை அவளே இட்டுக்கட்டிக்கொண்டாள். கமாண்டருக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு கொடுத்தாள். மகன் வானத்துக்குப் போகக்கூடாதென்று சாப்பிடாமல் கிடக்கும் ஓர் அம்மாவைக் கொடுத்தாள். நாளடைவில் எது பார்த்தது, எது கட்டியது என்று அவளாலேயே பிரிக்க முடியாமல் போனது.

கல்யாணம் ஆயிற்று. லாரியில் போன புருஷன் நெல்லூர்ப் பக்கம் இன்னொரு குடும்பத்தோடு நின்றுவிட்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி திறந்தபோது முதல் ஆட்களோடு கங்கம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

கம்பெனிக்கு ஒரு பழக்கம் இருந்தது. சர்வீஸ் கணக்கு தொடரக்கூடாதென்று, கான்ட்ராக்ட் பெண்களை வருஷம் நிரம்புவதற்கு முன் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைக்கும். பிறகு புது டோக்கன் கொடுத்து, அன்றுதான் வாசலை மிதித்தவர்களைப்போலச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு ‘பிரேக்’ என்று பேர். பிரேக் வந்தால் கங்கம்மா ரயில்வே கேட்டருகே முறுக்குத் தட்டோடு நிற்பாள். கான்ட்ராக்டுக்குச் சாம்பல் கோட்டு, பர்மனென்ட்டுக்கு நீலக் கோட்டு. ஒயர் இழுத்து இழுத்து அவள் விரல்கள் காய்த்துப்போயின. கோட்டின் நிறம் மட்டும் மாறவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் சாம்பல் கோட்டுகளிலிருந்து சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. கங்கம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நீலக் கோட்டு, அதோடு சாகும்வரை முறுக்குத் தட்டைத் தொடாத கை.

கேன்டீனில் அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

“அக்கா, கமாண்டரு ஊட்டவுட்டு ஓடியாந்தாரே, அத்த சொல்லேன்” என்பாள் ஸ்நேகா. போன வருஷம் சேர்ந்தவள், பன்னிரண்டாவது படித்தவள்.

“ஓடியாரல. அம்மாக்காரி தூங்கினு கீது. இவுரு அது கால தொட்டுக் கும்புட்டு, செருப்ப கையில எடுத்துக்கினு மெதுவா வந்தாரு.”

“ராக்கெட்டுல போறவருக்குச் செருப்பு இன்னாத்துக்குக்கா?”

“ராக்கெட்டு வரைக்கும் நடக்கணுமில்ல?”

ஒருநாள் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஆதிகேசவன். ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டோடு அந்த மேசைக்கே வந்து உட்கார ஆரம்பித்தார். மற்ற ஆபீசர்களையும் கூட்டி வந்தார். “அந்த ஏரிக்கரை சீனைச் சொல்லு கங்கம்மா” என்று எடுத்துக் கொடுப்பார். பெரிய படிப்புப் படித்தவர் தன் கதைக்கு இவ்வளவு சிரிக்கிறாரே என்று அவளுக்குப் பூரிப்பு.

துணிந்து ஒருநாள் கேட்டாள். “சார், இந்தத் தபா எனக்கு பிரேக்கு வேணாம் சார். பர்மனென்ட்ல என் பேரையும் பாருங்க.”

“பாக்கலாம் கங்கம்மா. உன்ன விட்டா கமாண்டருக்கு யாரு இருக்கா?”

அந்தப் பேச்சை அவள் நகையைப்போல முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கு மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தபின் கேன்டீன் சுவரில் படம் போட்டார்கள். ஆதிகேசவன்தான் கொண்டுவந்திருந்தார். அந்த விண்கலக் கதையை முதலிலிருந்து புதிதாக எடுத்த படம். அதே கப்பல், கமாண்டருக்கும் அதே பேர். முகம் மட்டும் ஓர் இளவட்டத்தினுடையது. ஒரு விரோதி காலத்தைப் பிளந்துகொண்டு பின்னால் போய் எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறான். பழைய படங்களில் நடந்த எதுவும் இனி நடக்கப்போவதில்லை. அந்தப் பிளவு வழியாகப் பழைய கமாண்டர், அதே பழைய நடிகர், தலை நரைத்து வந்து இறங்கினார். தான் யாரென்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவருடைய கப்பலிலேயே அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் முதலிலிருந்து கடைசிவரை பார்த்த முதல் படம் அதுதான்.

விளக்குப் போட்டதும் ஆதிகேசவன் மைக்கில் கூப்பிட்டார். “நம்ம கங்கம்மா எங்க? நீயே சொல்லு. இந்தப் படத்துக்கும் பழசுக்கும் தொடர்பு இருக்கா, இல்ல பழசெல்லாம் காலியா?”

அவள் எழுந்து நின்றாள். “தொடர்பு கீது சார். பழசு நடக்கலன்னா அந்தப் பெரியவுரு எப்டி வந்தாரு? அவுருக்கு எல்லாம் நெனப்பு கீதே சார்.”

கைதட்டினார்கள். அவர் தலையாட்டினார்.

“சரி. அப்ப அந்தப் பழசையும் பாத்துடலாமா?”

வேறொரு தகட்டைப் போட்டார். பழைய படத்தின் முதல் காட்சி. கங்கம்மா பார்க்காத பாதி. கண்ணாடிக் குழாய்களில் வரிசையாகக் குழந்தைகள் வளர்கின்றன. ஒன்றின்மேல் கமாண்டரின் பெயர். அவருக்கு அம்மா கிடையாது. ஏரியும் கிடையாது.

“எங்க கங்கம்மா, செருப்ப கையில எடுத்துக்கினு வந்தாரே, அந்த சீனு?” என்றார் அவளைப் போலவே பேசிக்காட்டி. அவள் சொன்னது கட்டுக்கதை என்று முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். இந்த ஒரு நாளுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கூரை அதிரும் சிரிப்பு. “புளுகுமூட்ட அக்கா!” என்று ஸ்நேகா கத்தியது எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கங்கம்மாவும் சிரித்தாள். சிரிக்காமலிருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு இன்னும் நீலக் கோட்டு வரவேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பர்மனென்ட் ஆனவர்களின் பெயரைப் படித்தபோது ஸ்நேகா இருந்தாள், கங்கம்மா இல்லை. அவள் ஆதிகேசவனின் அறைக்குப் போனாள்.

“சார், கம்பெனி தொறந்ததுலருந்து கீறேன் சார்.”

“நீ எங்க இருந்த? ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான சேந்திருக்க. இப்ப சேந்தவ கணக்குதான் உனக்கு.”

“ஒவ்வொரு தபாவும் நான்தான சார் வந்தேன்? அதே கங்கம்மாதான?”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் மலர்ந்துபோயிருந்தது. “அந்தக் கிழட்டுக் கமாண்டரும் இதையேதான் சொன்னாரு. கடைசில கப்பலை யாருக்குக் குடுத்தாங்க?”

“சின்னவருக்கு சார்.”

“பாத்தியா, நீயே சொல்லிட்ட. கதவைச் சாத்திட்டுப் போ.”

பிரேக் வந்தது. ரயில்வே கேட்டருகே முறுக்கு விற்றாள். மறுபடி கூப்பிட்டபோது போனாள். போகாமல் என்ன செய்வது? வாசலில் செக்யூரிட்டி மோசஸ், அவளிடம் எத்தனையோ முறுக்கு தின்றவன், நிமிராமல் கேட்டான்.

“முன்ன எங்கனா வேல பாத்துக்கிறியா?”

“இல்லண்ணே.”

“ஒயர் வேல தெரியுமா?”

“தெரியாதுண்ணே.”

அப்படிச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். இருவருக்கும் அது தெரியும்.

கேன்டீனில் ஸ்நேகா நீலக் கோட்டோடு வேறு மேசையில் இருந்தாள். கங்கம்மாவைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். ஆதிகேசவன் இரண்டு புது ஆபீசர்களோடு தட்டை ஏந்தி வந்தார்.

“வா வா! இவங்க புதுசு. அந்தக் கமாண்டர் கதையைக் கொஞ்சம் எடுத்து வுடு.”

கங்கம்மா சோற்றிலிருந்து கையை எடுத்தாள். தன்னிடம் மிச்சமிருந்த அந்தக் கதையை இவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று பிரேக் முழுக்க யோசித்து வைத்திருந்தாள்.

“எந்தக் கமாண்டரு சார்? எனக்குத் தெரியாது. நான் புதுசு.”

ஆதிகேசவன் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கேட்டீங்களா? ‘நான் புதுசு!’ கங்கம்மா, இதுதான் நீ சொன்னதுலயே பெஸ்ட்டு. இன்னொரு வாட்டி சொல்லு, அவருக்குக் கேக்கல.”

அவள் சொன்னாள்.

அதற்குப்பின் யாரும் அவளிடம் கதை கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது, “கங்கம்மா, கமாண்டரு சௌக்கியமா?” என்பார்கள். அவள், “நான் புதுசு சார்” என்றதும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.