டெங்குப் புகையும் கறுப்புக் கோட்டும்

இன்று காலை சட்டத்தரணிக்குரிய கறுப்புக் கோட்டுடன் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டபோது, எங்கள் ஒழுங்கையில் டெங்குப் புகை அடிக்கும் இயந்திரம் இரையத் தொடங்கியது.

எங்கள் சாம்பல் நிறக் கிளி முத்து, கூண்டில் இல்லை. யன்னல் திரைக்கு மேலே இருந்தது. பறவையின் நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காதென மிருக வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தார்.

கையை நீட்டி, "ஏறு" என்றேன். வழமையாக உடனே ஏறும். இன்று பின்வாங்கிச் சீறியது.

வாசலுக்கு ஓடிப் புகை அடிக்க வந்த பையனிடம் கத்தினேன். "தம்பி, கொஞ்சம் பொறுங்க! உள்ளுக்க கிளி நிக்கிது!"

"கெதியாப் பாருங்க சேர், இன்னும் நாலு ஒழுங்கை கிடக்கு."

மனைவிதான் காரணத்தைக் கண்டார். "என்னப்பா, சாரத்தோட நிண்டு பழக்கிப்போட்டு, கறுப்புக் கோட்டோட கூப்பிட்டா வருமா? பெரிய காகமெண்டு நினைக்கிது. கழட்டுங்க!"

கழற்றிவிட்டுச் சாரம் உடுத்தேன். மறுபடி கையை நீட்டினேன். முத்து ஏறியது.

குளியலறைக்குள் புகுந்து, கதவிடுக்கை ஈரத் துவாயால் அடைத்துவிட்டு, புகை அடங்கும் வரை அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்து நலம். ஆனால், மாலையிலிருந்து அந்த இயந்திரத்தைப் போலவே அச்சொட்டாக இரைகிறது. ஒவ்வொரு தடவையும் நான் யன்னல் சாத்த ஓடுகிறேன்.

கேட்டுப் பழகியதைக் கிளிக்கு மறக்கப் பழக்கும் வழி அறிந்த நண்பர்கள், தயவுசெய்து இன்றிரவுக்குள் தெரிவிக்கவும்.