அண்ணாவின் தலைக்கு வைத்த எண்ணெய்

எங்கள் அன்பு அண்ணா கரவெட்டியில் பிறந்து, நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி, ஒஸ்லோவில் ஒரு சீன உணவகத்தின் அடுப்படியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஊரில் சுடுதண்ணீர்கூட வைத்தறியாத மனிதர், இங்கே சட்டியைத் தூக்கிப் பிரட்டித்தான் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தார். நோய் முற்றிய பிறகும் வேலையை விடவில்லை. யாரோடும் கோபித்தறியார். அந்தக் கணக்கில் நான் சேர்த்தியில்லை.

இறுதிக்கிரியையன்று மண்டபத்தில் வீசிய மணம் பற்றிப் பலர் கேட்டீர்கள். சிலர் கேட்காமலே மூக்கைச் சுருக்கினீர்கள். விளக்கம் சொல்ல வேண்டியவன் நான்.

எண்ணெய், அரப்பு வைக்கும் நேரம். நல்லெண்ணெய்ப் போத்தல் என் கையில். வாசற்படிப் பனியில் சறுக்கியதில் நான் தப்பினேன், போத்தல் தப்பவில்லை.

"தம்பி, எண்ணெய் எங்கை?" என்றார் ஐயர்.

"வருது ஐயா" என்றேன், எண்ணெய்க்குக் கால் முளைத்தது போல.

அண்ணி பெட்டியருகே நின்றார். அண்ணா கண்மூடியதிலிருந்து அவர் அழவில்லை, ஒருவரோடும் கதைக்கவில்லை. "என்ரை கையாலை எண்ணெய் வைக்கோணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். வெளியே அடுத்த சவத்துக்குரிய நோர்வேக் குடும்பம் வந்துவிட்டது. மண்டபப் பொறுப்பாளர் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

அண்ணாவின் காரில்தான் வந்திருந்தேன். ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். உணவகத்துச் சாமான் பெட்டி இருந்தது: காய்ந்த காளான், அன்னாசிப்பூ, இஞ்சி, ஒரே மாதிரியான கறுத்த போத்தல்கள். பெரிய கலன்களிலிருந்து ஊற்றி வைப்பார், பெயர் எழுதமாட்டார். அழுதழுது என் மூக்கு அடைத்திருந்தது. கையில் ஊற்றித் தேய்த்தால் எண்ணெய் எதுவென்று தெரிந்துவிடும். பதற்றத்தில் எனக்கு நாக்கை நீட்டத்தான் தோன்றியது.

முதலாவது கரித்தது, சோயா சோஸ். அடுத்தது கூழ்ப்பதம், சிப்பி சோஸ். சாவுத் துடக்குக்கு நான் காத்த மரக்கறிச் சாப்பாடு அத்தோடு முடிந்தது. பிறகு புளித்தது, வினாகிரி. அதற்கடுத்தது எண்ணெய்! முருகா என்று கும்பிடுவதற்குள் நாக்கு பற்றியெரிந்தது. மிளகாய் எண்ணெய். அதைத் தலையில் வைத்திருந்தால் அண்ணா எழும்பியே அடித்திருப்பார்.

மிஞ்சிய ஒரே போத்தலோடு ஓடினேன். கண்ணீர் கொட்டியது.

"அழாதையடா, அவர் நிம்மதியாப் போயிட்டார்" என்று மாமா முதுகைத் தடவினார். எனக்குத் தேவைப்பட்டது தண்ணீர்.

ஐயர் மூடியைத் திறந்தார். மணம் மண்டபத்தை நிறைத்தது. மிளகாய் திறந்துவிட்ட என் மூக்கிலும் ஏறியது.

"இதென்ன தம்பி, சாப்பாட்டுக்கடை மணம்?"

"நல்லெண்ணெய்தான் ஐயா. சீனாக்காரர் எள்ளை வறுத்து எடுக்கிறது."

ஐயர் தயங்கினார். கதவு மறுபடி திறந்தது. அண்ணி கையை நீட்டினார்.

"இஞ்சை தாங்கோ."

ஐயரிடமிருந்து போத்தலை வாங்கி அவர் கையில் ஊற்றினேன். நெற்றியிலிருந்து பின்னோக்கி மெதுவாகத் தேய்த்தார். பிறகு குனிந்து அண்ணாவின் தலைமயிரை மணந்தார்.

"இப்பதான் தம்பி, உங்கடை அண்ணா வேலை முடிஞ்சு வந்த மாதிரிக் கிடக்கு."

அதன் பிறகு அண்ணி அழுதார். பொறுப்பாளர் கதவை மூடிவிட்டுப் போனார், வெகுநேரம் திறக்கவேயில்லை.

உடனிருந்து தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாமும் ஓர் இழப்போடு, அண்ணி அழுது முடியும்வரை வெளியே குளிரில் நின்ற அந்த முகமறியாத குடும்பத்துக்கும்.

தம்பி