விளிம்பில் இருந்த நான்கு ஓட்டைகள்

பூந்தமல்லியில் பழைய மரம் விற்கும் பாய் கடையில் எந்தத் துண்டை எடுத்தாலும் முதலில் காந்தம் வைத்துத் தடவிப் பார்ப்பேன். இடித்த வீட்டு நிலை, ஜன்னல் சட்டம் என்றால் உள்ளே எங்காவது ஆணி ஒடிந்து கிடக்கும். லேத்தில் சுற்றும்போது உளி அதில் பட்டால் உளி போகும், சமயத்தில் விரலும் போகும். நான் பயந்தாங்கொள்ளி. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் என்ன தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. சனி, ஞாயிறு மட்டும் பட்டாபிராமில் வாடகைக்கு எடுத்த சின்ன ஷெட்டில் மரக்கிண்ணம் கடைவேன்.

ஒரு முறை அங்கே வாங்கிய நிலைத் துண்டில் ஆணி இல்லை. நல்ல தேக்கு. ஒரு முகத்தில் மட்டும் பென்சில் முனை நுழையும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள், வரிசையாக, பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். ஏதோ கொக்கி மாட்டியிருந்த இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொரட்டூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் கீழ் வீட்டில் மதுரைப் பக்கத்துத் தம்பதி இருக்கிறார்கள். அவர்களுடைய பாப்பாவுக்கு எட்டு மாதம். சோறு ஊட்ட ஆரம்பிக்கப் போகிறோம் என்று அந்தப் பெண் சொன்னதும், கிண்ணம் நான் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நான் கடைவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு.

சாதாரணமாக அந்த மாதிரி ஓட்டைகளைக் கடைந்து தள்ளிவிடுவேன். அன்றைக்கு என்னவோ அவை அழகாகத் தெரிந்தன. மையத்தை அரை விரல் நகர்த்தி வைத்துப் பார்த்தேன். நான்கு ஓட்டைகள் சரியாக விளிம்பின் மேல் வந்து உட்கார்ந்தன. விளிம்பைக் கொஞ்சம் அகலமாக விட்டு, அவற்றோடு சேர நானே ஐந்து ஓட்டை போட்டேன். பழைய பட்டியைச் சுரண்டிவிட்டு, பித்தளைக் கம்பியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஒன்பதிலும் தட்டி இறக்கித் தேய்த்துவிட்டேன். பிறகு கிண்ணத்தைச் சுற்றவிட்டு, ஒரு கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து மரத்தின் மேல் அழுத்தினேன். உரசிய சூட்டில் புகை வந்து, பித்தளைப் பொட்டுகளுக்கு இரண்டு பக்கமும் கறுப்புக் கோடு விழுந்தது. கடையும்போது லேசாக மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பழைய பாலிஷ் என்று விட்டுவிட்டேன். வார்னிஷைத் தொடவே இல்லை, தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும்தான். குழந்தை சாப்பிடுகிற கிண்ணத்தில் கெமிக்கல் இருக்கக் கூடாது என்று கிண்ணத்தைக் கொடுக்கும்போது கீழ் வீட்டில் ஒரு பிரசங்கமே செய்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பாய் கடைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், போன வாட்டி ஒரு நெலை எத்துகினு போனீங்களே, அத்த அடுப்புல கூட வச்சிடாதீங்க."

"ஏன் பாய்?"

"அந்த ஊட்டுக்காரரு நேத்து வந்தாரு. கரையான் வந்துகினே இருந்துச்சாம். வருசா வருசம் நெலையில ஓட்டை போட்டு மருந்து எறக்கிக்கினு இருந்தாராம். மரம் பூரா மருந்துதான் கீதுன்னாரு. அத்த இன்னா சார் பண்ணீங்க?"

"சும்மாதான் போட்டு வச்சிருக்கேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் பித்தளைப் பொட்டு வைத்து அலங்கரித்தது விஷம் இறக்கிய ஓட்டைகளை. அதுவும் பாப்பாவுக்குப் பல் முளைக்கும் நேரம். சோற்றைவிட அந்த விளிம்பைக் கடிப்பதுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. போன் சட்டைப் பையிலேயே இருந்தது. மணி பன்னிரண்டு. பாப்பாவுக்கு ஊட்டும் நேரம் பன்னிரண்டரை. ஒரு போன் போட்டிருந்தால் போதும். போனில் எப்படிச் சொல்வது, நேரில் சொன்னால்தான் புரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். காந்தம் வைத்துப் பார்த்ததெல்லாம் என் விரலுக்காக. சாப்பிடப் போகிறவளுக்காக நான் எதையுமே பார்க்கவில்லை.

கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் கையில் கிண்ணம் இருந்தது. "வாங்கண்ணே, இப்பத்தான் முடிச்சா. இன்னைக்கு ஒரு பருக்கை மிச்சம் இல்ல."

சொல்ல வேண்டியதை மாடிப்படியில் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "விளிம்புல ஒரு இடத்துல சிலாம்பு கிளம்பியிருக்குமோன்னு சந்தேகம்மா. தேய்ச்சுத் தர்றேன்." அவள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்று பாப்பா அழுதாள்.

மேலே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிண்ணத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்தான் வந்தது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

"எப்ப?"

போனை எடுத்துக் கரையான் மருந்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொரு பக்கமும் முந்தியதைவிட மோசமாக இருந்தது. கிண்ணம்தான் கைக்கு வந்துவிட்டதே, இனிமேல் ஒன்றும் ஆகாது என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் கீழே பாப்பா அழும் சத்தம் கேட்டால் உடம்பு வியர்க்கும். இப்படியே ஐந்து மணி ஆகிவிட்டது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள், "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

நான் போனேன். வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னேன். பாப்பாவின் அப்பா உடனே பைக் சாவியை எடுத்தார். காரில் கூட்டிப் போகிறேன் என்றேன், அவர்கள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போன் செய்தார். டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்கிறார். பாயைக் கூப்பிட்டு, கிண்ணம் செய்ததையும் யாருக்குக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். "இருங்க சார், அந்த ஊட்டுக்காரர கேட்டு சொல்றேன்" என்று பாய் போனை வைத்தார். அந்தப் பத்து நிமிஷம் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

மருந்தின் பெயர் தெரிந்ததும் பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் ரிசல்ட் வந்தது, எல்லாம் சரியாக இருந்தது. செய்தியைக் கேட்டதும் அழுதேவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று கீழே போனேன். அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் வந்தீங்களே, அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"நீங்க போனப்பறம் மூணு மணிக்குப் பால் குடுத்தேன். பூராத்தையும் கக்கிட்டா. பல்லு மொளைக்குதுல்ல, அதான்னு நெனச்சு முதுகத் தட்டித் தூங்க வச்சேன்." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "தெரிஞ்சிருந்தா அப்பவே தூக்கிட்டு ஓடியிருப்பேன்லண்ணே."

கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். உள்ளே பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.