குழாய் கேட்கப் போன அப்பா

புதுச்சேரியில் வெள்ளைக்காரர்கள் இருந்த பக்கம் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் உண்டு. ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் தெருவுக்கு ரயில் ரோட்டைத் தாண்டி ஒரு தோப்புக் கிணறுதான். அப்பாவும் அம்மாவும் ஆலைக்குப் போய்விடுவார்கள். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்த அக்காதான் தண்ணீர் சுமந்தாள். சின்னப் பெண்ணான நான் ஒரு சொம்பு தூக்கி வந்துவிட்டு அலட்டிக்கொள்வேன்.

1930களில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஒரு தேர்தல். ஓட்டு ஆண்களுக்கு மட்டும். கட்சி ஆள் ஒருவர் வந்து, தெருவுக்கு ஒரே ஒரு காரியம் செய்து தருவதாகச் சொல்லி, ஆண்களையெல்லாம் கூப்பிட்டார்.

"கொழான்னு மட்டும் சொல்லுய்யா. புள்ள வயித்தோட செமக்குது," என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள் அம்மா. அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வாசலுக்கு எதிரில்தான் கூட்டம். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம். ஒருவர் தெருவிளக்கு வேண்டும் என்றார். வேலை முடிந்து வந்து சீட்டாட வசதியாம். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா பொறுக்கமாட்டாமல் காலிக் குடத்தை ணங்கென்று வாசற்படியில் வைத்தாள்.

"பொம்பளைங்களுக்கு என்னமோ கோவம்," என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, "வௌக்கே போட்டுக் குடுங்க முசியே," என்று கட்சி ஆளிடம் பிரெஞ்சு மரியாதையில் சொன்னார்.

அடுத்த மாதமே விளக்கு வந்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அரசியல்வாதியை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விளக்கு வந்த பிறகுதான் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். குழந்தை செத்தே பிறந்தது. ஆண் குழந்தை. வளர்ந்திருந்தால் அதற்கும் ஓட்டு இருந்திருக்கும்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அக்கா அப்பாவிடம் கேட்டாள்: "அன்னிக்கு ஏம்பா கொழா கேக்கல?"

"அத்தினி ஆம்பளைங்க நடுவுல கொடம், தண்ணின்னு பேச கூச்சமா இருந்துச்சும்மா."

ஆலையில் கூலியைக் குறைத்தபோது துரைக்கு நேரே நின்று சண்டை போட்டவர் அவர். பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். அந்தக் கூச்சத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"பாசியா இருக்கும், பாத்துப் போம்மா," என்றார் அப்பா.