ஐயாசாமியும் இரைகிற பெட்டியும்

என் வீட்டுக்காரர் ஐயாசாமி சந்தையில் கோழி வாங்கினால், வெட்டிக் கொடுத்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்து, "இது எல்லாம் ஒரே கோழியா?" என்று கேட்பார். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஆண்டுக்கணக்கில் ஜாகா, அதாவது காவல்கார வேலை பார்த்தவர். வெளியே போகிறவர்களைச் சோதித்து அனுப்புவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை வீட்டில் தொடர்ந்தார். கோவிலில் அர்ச்சனைத் தட்டு திரும்பி வந்தால், தேங்காய் நம்முடையதுதானா என்று என் காதில் முணுமுணுப்பார். எனக்குப் பழகிவிட்டது. அதற்காகப் பிடித்துவிட்டது என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இந்த மனிதரிடம் போய்த்தான் எங்கள் மகள் லோஷினி, ரூபேந்திரனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள். பையன் கூலாயில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறான். மரியாதை தெரிந்த பிள்ளை. எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. இவர் மட்டும் "பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாம் தீபாவளி தாண்டியும் பாக்கலாமாகவே இருந்தது.

லோஷினி ஒரு சிங்கப்பூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேச வேண்டும். அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தது ரூபேந்திரன். அதுதான் திடீரென்று இரைய ஆரம்பித்தது. முதலில் கர்ரென்றது. பிறகு தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். "நீங்க என்ன மில்லுக்குள்ள இருந்து பேசுறீங்களா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டேவிட்டாராம்.

ஐயாசாமிக்கு அன்று முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"பாத்தியா வள்ளி? பழைய சாமானப் போட்டு புதுசுன்னு குடுத்திருக்கான். பெட்டியிலயே இப்படின்னா பொண்ண எப்படி வச்சிக்குவான்?"

"அலமாக்! காத்தாடி சத்தம் போட்டா அதுக்கும் கல்யாணத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இருக்கு. அவன் வரட்டும். என் கண்ணு முன்னால தொறக்கட்டும். உள்ள கோல்மால் இருந்துச்சு, இந்தக் கல்யாணப் பேச்சு அத்தோட முடிஞ்சுது."

சொன்னால் செய்கிற ஆள். லோஷினி அன்று இரவு சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூபேந்திரன் வந்தான். இவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்தார். எனக்கு மானம் போனது. பையன் எதையும் காட்டிக்கொள்ளாமல் காதை வைத்துக் கேட்டான். பிளக்கைப் பிடுங்கினான், பக்கத் தகட்டைக் கழற்றினான், உள்ளேயிருந்து ஒரு தகர டப்பாவை வெளியே எடுத்தான்.

"இதுலதான் அங்கிள் சத்தம். பவர் சப்ளை. வீட்டுக் கரண்ட வாங்கி மத்ததுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கும். இதுக்குன்னு தனியா ஒரு காத்தாடி இருக்கு."

"அப்ப அதத் தொற."

"இத மட்டும் தொறக்கக்கூடாது அங்கிள். பிளக்கப் புடுங்குனாலும் உள்ள கரண்டு நிக்கும். நான் வேற கொண்டாந்து மாத்திடுறேன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? பிளக்கப் புடுங்குன பிறகும் கரண்டு நிக்குதாம்லா. யாருகிட்ட காது குத்துற தம்பி?"

சொல்லிக்கொண்டே டப்பாவை மடியில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் திருக ஆரம்பித்துவிட்டார். ரூபேந்திரன் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினான். "வேணாம் அங்கிள்! உசுரு போயிரும்!"

அவர் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை. முகம் கறுத்துவிட்டது. கதவோரம் நின்ற லோஷினி என்னைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பையன் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, காற்றாடிக்கு மேலிருந்த கம்பி வலை வழியாக உற்றுப் பார்த்தான். "ஆன்ட்டி, சாத்தே குச்சி இருக்கா?" கறித்துண்டு கோத்துச் சுடுகிற மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திறக்காமலே குச்சியை வலைக்குள் விட்டு, எதையோ சுற்றிச் சுற்றி மெதுவாக இழுத்தான். வந்ததைச் சட்டென்று உள்ளங்கையில் மூடிக்கொண்டான். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி சுவிட்சைப் போட்டான். சத்தமே இல்லை.

"தூசிதான் அங்கிள். சரியாயிருச்சு."

இவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. அந்த மூடிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையத் தொற."

"வெறும் குப்ப அங்கிள்."

"தொறக்கலன்னா இனிமே இந்த வாசல மிதிக்காத."

ரூபேந்திரன் அப்போதும் திறக்கவில்லை. லோஷினிதான், "தொறந்துருங்க ரூபன்" என்றாள். திறந்தான்.

உள்ளே பூக்கட்டுகிற நூல். அதில் காய்ந்து சுருண்ட செவ்வந்தி இதழ்கள்.

ஆயுத பூஜையன்று, மகளுக்குச் சோறு போடுகிற பெட்டி என்று சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்து, அதன் அடியைச் சுற்றி மாலை கட்டியது யார்? நானா? என்னைத் தொடவே விடவில்லை. நான் கட்டினால் முடிச்சு நிற்காதாம்! அவர் கட்டுவதை லோஷினி படமெடுத்து ரூபேந்திரனுக்கு அனுப்பியதும் எனக்குத் தெரியும். மறுநாள் அவசரமாகப் பிய்த்து எடுத்ததும் அவர்தான். அறுந்த துண்டைக் கீழேயிருந்து காற்றாடி உள்ளே இழுத்திருக்கிறது.

"இது யாரு கட்டுன மாலைங்க? வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் ரூபேந்திரனிடம், "தெரிஞ்சுதானே மறைச்ச?" என்றார்.

"உங்களுக்கு வெக்கமா இருக்குமேன்னுதான் அங்கிள்."

இதற்குப் பிறகாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன். எங்கே! மகளிடம் திரும்பினார். "பாத்துக்க லோஷினி. இன்னிக்கு எனக்காகப் பொய் சொன்னான். நாளைக்கு உங்கிட்டயும் சொல்லுவான்."

லோஷினி குரலை உயர்த்தவில்லை. "சொல்லட்டும்பா. நான் வெக்கப்படக்கூடாதுன்னு இந்த வீட்டுல இதுவரைக்கும் யாரும் எனக்காக ஒரு பொய் சொன்னதில்ல."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது எடுத்துப் பேசுவேன் என்பது போல. நான் லோஷினி பக்கத்தில் போய் நின்றேன். டார்ச் லைட்டை அணைத்தார், நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வள்ளி, மாப்பிள்ளைக்குச் சோறு போடு" என்றார்.

ரூபேந்திரன் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.