அந்தோணியார் குரங்கணிக்குப் போன மழைக்காலம்

உபதேசியார் உத்தியோகத்தில் பாதி ஜெபம் சொல்லிக்கொடுப்பது, மீதிப் பாதி வீடு வீடாகப் போய்க் கேட்பது. ஜெபத்தை மறந்துபோனவர்கள்கூட நம்மைத் தெருமுனையில் கண்டதும் கதவைச் சாத்த மறப்பதில்லை. கோயில் கூரைக்கு ஓலை, திருநாளுக்கு எண்ணெய், ஏழைகளுக்கு அரிசி என்று பிறத்தியாருக்காகக் கையேந்திப் பழக்கப்பட்ட என் இனத்தாரே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேட்பதுதான் கஷ்டம் என்று நானும் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். கொடுப்பது அதைவிடக் கஷ்டம் என்பதைப் போடியில் ஒரு ஐப்பசி மாதம் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அப்போது எங்கள் கோயில் பங்கில் பிராஞ்சு தேசத்துச் சாமியார் ஒருவர் இருந்தார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். புத்தகத்தைப் போலவே பேசுவார். ஏலக்காய் பறிக்க மலையேறுகிற ஜனங்கள் அடைமழையில் மலைக்காய்ச்சலோடு இறங்கி, ஒரு வாய் கஞ்சிக்கு வழியில்லாமல் நடந்தே ஊர் போய்ச் சேருவதை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு பூசையில், குரங்கணி அடிவாரத்தில் கொட்டகை போட்டு, இறங்கி வருகிறவர் யாரானாலும் சுடுகஞ்சி ஊற்றவேண்டும் என்று அறிவித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அரிசி சேர்க்கிற வேலை எனக்கு வந்தது.

யார் பிடி?

பிடியரிசி என்பது எங்கள் வழக்கம். உலையில் போட அரிசி எடுக்கும்போது வீட்டுக்காரி முதலில் ஒரு பிடி அள்ளி, ஏழைகளுக்கென்று வைத்திருக்கிற கலயத்தில் போடவேண்டும். சனிக்கிழமைதோறும் நான் சாக்கோடு போய்க் கலயங்களைக் கவிழ்த்து வாங்கி வருவேன். கோயில் தெருவில் சவேரியம்மாள் என்று ஒரு அம்மாள். பூசைக்கு முதலில் வந்து முன்வரிசையில் முழங்காலிடுகிறவள். அவள் வீட்டுக் கலயத்தில் மட்டும் அரிசி அடியைவிட்டு எழும்புவதே இல்லை. அந்த வீட்டில் மூன்று வேளையும் உலை கொதிக்கிறது என்பது தெருவுக்கே தெரியும்.

ஒரு சனிக்கிழமை கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். சவேரியம்மாள் தன் கடைசிப் பேத்தியைக் கலயத்தின் முன்னால் உட்காரவைத்து அரிசி போடச் செய்துகொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்குப் பால்பல் இன்னும் முழுசாக முளைக்கவில்லை. உள்ளங்கையில் ஒட்டியது பாதி, சிந்தியது பாதி, கலயத்தில் விழுந்தது சொச்சம். நான் நிற்பதைப் பார்த்து அவள் ஒன்றும் பதறவில்லை. "பிடியரிசி கேட்டீக, போடுறோம். யாரு பிடின்னு சாமி சொல்லலையே உபதேசியாரே?" என்றாள்.

மேலே ஒரு விண்ணப்பம், கீழே ஒரு விண்ணப்பம்

பங்குக்காரர்களை மட்டும் நம்பினால் அண்டாவின் அடியைக்கூட நனைக்க முடியாது என்று தெரிந்ததும் நிலம் வைத்துப் பயிர்செய்கிற சம்சாரிகளிடம் போனேன். அவர்கள் நம் வேதத்தவர்கள் அல்ல. ஆனால் அந்தோணியாரைத் தெரியாத சம்சாரி எங்கள் பக்கத்தில் கிடையாது. மாடு காணாமற்போனால் முதலில் மந்தையில் தேடுவார்கள், அப்புறம் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்துவார்கள். ராசிங்காபுரத்தில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் ஒரு மூட்டை கேழ்வரகு கொடுத்து, "அறுப்பு கெடக்கு. பத்து நாளைக்கு மழை வேண்டாம்னு அந்தோணியாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார். சொல்வதாகத் தலையாட்டினேன். அங்கிருந்து சிலமலைக்குப் போனேன். அங்கே ஒருவர் ஒரு மூட்டை அரிசியே கொடுத்து, விதைப்பு முடிந்துவிட்டதாகவும் மழை வெரசா வரவேண்டும் என்றும் அதே அந்தோணியாருக்குச் சொல்லி அனுப்பினார்.

இரண்டு மூட்டையும் ஒரே வண்டியில் வந்தன. எனக்கு மனசு உறுத்தியது. எதை அந்தோணியாரிடம் சொல்வது, எதை விடுவது என்று சாமியாரிடமே கேட்டேன். அவர் தாடியை நீவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அப்போது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. "மூட்டைகள் இரண்டையும் முதலில் உள்ளே வையும், உபதேசியாரே. நனையாதிருந்தால்தான் சர்வேசுரன் நிதானமாக யோசிக்க முடியும்" என்றார்.

கூவி விற்ற கஞ்சி

கொட்டகை எழுந்தது. புதுக் கூரை, புது அண்டா. ஆக்குவதற்கு ஞானம்மாக்கா. கல்யாண வீடுகளில் ஆக்கிப் பழகிய விதவை. கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். சீரகமும் சுக்கும் தட்டிப்போட்ட கஞ்சியின் மணம் மலைப்பாதையில் பாதி தூரம் ஏறிப்போய் ஆட்களை எதிர்கொண்டது. ஆட்களும் வந்தார்கள். கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே வந்தார்கள். கொட்டகையைப் பார்த்தார்கள். ஆக்குகிறது யார் என்று சிலர் விசாரித்தார்கள். பிறகு எல்லாரும் போய்விட்டார்கள். நான் பாதையில் இறங்கி நின்று, சந்தையில் கத்திரிக்காய் விற்கிறவன் மாதிரி "வாங்க, சுடுகஞ்சி, சும்மா தர்றோம்" என்று கூவினேன். 'சும்மா' என்று சொன்னதும் நடை இன்னும் வேகமாயிற்று.

கருப்பாயி என்று சிலமலைக்காரி ஒருத்தி. புருஷன் இல்லை. ஏலத்தோட்டத்துக் கூலியில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். காய்ச்சலில் கண் இரண்டும் பழுத்துக் கிடந்தது. அவளை மறித்து ஒரு கொட்டாங்கச்சிக் கஞ்சியை நீட்டினேன். வாங்கவில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, மரியாதையாகவே சொன்னாள்: "எனக்குக் கையும் காலும் இருக்குங்கய்யா. இல்லாதவுகளுக்கு ஊத்துங்க."

கழுதைகள் கொழுத்தன

ஊற்றாத கஞ்சியை என்ன செய்வது? காலையில் நான் குடித்தேன். மத்தியானம் சாமியார் குடித்தார். சாயங்காலம் ஞானம்மாக்கா கோபத்தோடு குடித்தாள். மிச்சம், மலைக்குச் சரக்கு ஏற்றுகிற பொதிக்கழுதைகளுக்குப் போயிற்று. அவற்றுக்கு இந்தக் கௌரவப் பிரச்சினை எல்லாம் இல்லை. சீக்கிரமே கொட்டகையைக் கண்டால் தாமாகவே நிற்கப் பழகிக்கொண்டன.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அடுத்ததைச் சொல்ல முடியாது. அந்த வாரம் ஒரு மனுஷர் பாதையோரத்துப் பாறையில் சாய்ந்தபடி செத்துக் கிடந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் அடுப்புக்கும் அந்தப் பாறைக்கும் கூப்பிடு தூரம்தான். கஞ்சி வாசனை அவர் மூக்குக்கு எட்டியிருக்கும். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, அழுதேன். சாமியார் பாறையண்டை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற உத்தரிக்கிற ஆத்துமாக்கள் திருநாள் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் ஒருவரும் வராவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட்டு அரிசியை ஊருக்குள் கொடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். ஞானம்மாக்கா அகப்பையை அண்டாவில் வீசினாள். "மனுசனுக்குன்னு ஆக்குறேன், கழுதைக்கு வடிக்கிறேன். ஏன்னு கேட்டா சர்வேசுரனும் பதில் சொல்ல மாட்டேங்கிறாரு" என்றாள்.

முனகாத நோயாளி

இதற்கிடையில் போடியில் கோயில் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஒழுகினதில் எனக்கு ஆச்சரியமில்லை. சரியாக அந்தோணியார் சுரூபம் நிற்கிற மாடத்தின் மேல் ஒழுகியதுதான் வருத்தம். காலையில் போய்ப் பார்த்தால் அவர் கையிலிருந்த தெய்வக்குழந்தையின் கன்னச் சிவப்பு கரைந்து அந்தோணியாரின் அங்கியில் இறங்கியிருந்தது. சுரூபத்தை எங்கே வைப்பது? என் வீடு கோயிலைவிட மோசம். பங்குக்குச் சொந்தமான கூரைகளில் ஒழுகாத கூரை ஒன்றே ஒன்றுதான். அது குரங்கணி அடிவாரத்தில் இருந்தது.

அந்தோணியாரைத் தலைமுதல் கால்வரை கம்பளியில் சுற்றி, விறகு ஏற்றிப் போகிற மாட்டுவண்டியில் படுக்கவைத்தேன். எதிரே வந்தவர்கள் காய்ச்சல்காரன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர், "மலையிலருந்துதானே கீழ கொண்டாருவாக, நீங்க என்ன மேல கொண்டுபோறீக?" என்று கேட்டார். மேலே காற்று நல்லது என்றேன். கொட்டகையில் இறக்கி, அடுப்புச் சூடு படுகிற மாதிரி அரிசி மூட்டைமேல் நிற்கவைத்தோம். இருட்டாக இருக்கிறதே என்று ஞானம்மாக்கா ஒரு அகல் ஏற்றிவைத்தாள். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "இந்த மழைக்காலம் பூரா காய்ச்சக்காரவுகளத்தான் ஏத்திக்கிட்டுத் திரியிறேன் உபதேசியாரே. முனங்காம வந்தது இவரு ஒருத்தருதான்."

அசனம்

மறுநாள் விடிந்து, நான் விறகு அடுக்கிவிட்டுத் திரும்பினால் வாசலில் ஆள் நிற்கிறது. ஒருவர் இருவர் அல்ல, வரிசையாக நிற்கிறது. முதலில் நின்ற கிழவர் அகலையும் அந்தோணியாரையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, இது அந்தோணியாரு அசனமா?" என்று கேட்டார். அசனம் என்றால் வேண்டுதல் பலித்தவர்கள் புனிதர் பேரால் ஊருக்குப் போடுகிற சாப்பாடு. அதை வாங்காமல் போவது அவரை அவமதிப்பது. பிச்சை வேறு, அசனம் வேறு. ஜமீன்தாரே வந்தாலும் கைநீட்டித்தான் வாங்கவேண்டும். ஞானம்மாக்கா அகப்பையை எடுத்துக்கொண்டு, "பாத்தாத் தெரியலையா?" என்றாள். அது பொய்யல்ல என்று நான் பிற்பாடு பலமுறை யோசித்து என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஆக்குகிறது யார் என்று அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. ராசிங்காபுரத்துப் பெரிய வீட்டுக்காரர் தோட்டம் பார்க்கப் போகிறவர், வண்டியைவிட்டு இறங்கித் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார். கழுதைகள் வழக்கம்போல் நின்று பார்த்துவிட்டு, ஏமாந்து போயின. மூன்றாம் பந்தியில் கருப்பாயி வந்தாள். காய்ச்சல் விடவில்லை. மலைக்குப் போகாமல் முடியாது என்று திரும்ப ஏறினவள், முடியாமல் இறங்கியிருக்கிறாள். இரண்டு கொட்டாங்கச்சி குடித்தாள். வேர்த்தது. என்னைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டாள்: "அசனம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லங்கய்யா? நீங்க பாட்டுக்கு சும்மா சும்மான்னு கத்துனா எவ வருவா?"

முன்கூட்டிச் செலுத்திய கடன்

போடியில் கூரை வேய்ந்தாயிற்று. வேய்ந்த அன்றே சவேரியம்மாள் சாமியாரிடம் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள், வெறும் மாடத்துக்கு மெழுகுவத்தி கொளுத்தினால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பது அவள் வழக்கு. சாமியார் சுரூபத்தைக் கொண்டுபோகக் குரங்கணிக்கு வந்தார். வந்து கூட்டத்தைப் பார்த்தார். சந்தோஷத்தில் முகம் சிவந்தது. பிறகு அசனம் என்கிற பேச்சு காதில் விழுந்ததும் இன்னொரு விதமாகச் சிவந்தது. என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், "யார் நேர்ந்த நேர்ச்சை இது?" என்றார். ஒருவரும் நேரவில்லை என்றேன். "அப்படியானால் இது பொய். பொய்யைக் கொண்டு ஏழைக்கு அன்னமிட எனக்கு அதிகாரமில்லை" என்றார். அந்தோணியார் வண்டியேறினால் நாளைக்கு இந்த வரிசை இராது, பாறையில் இன்னொருவர் சாய்ந்து கிடப்பார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாமியார் நனைந்துகொண்டே வெகுநேரம் அந்தப் பாறையைப் பார்த்தபடி நின்றார்.

பிறகு உள்ளே வந்தார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, சேற்றில் முழங்காலிட்டார். "அர்ச்சியசிஷ்ட அந்தோணியாரே, இந்தப் பாதையில் இனி ஒருவரும் பசியோடு விழாமல் காத்தருளும். காத்தால், மழைக்காலம்தோறும் இவ்விடத்தில் உமது பெயரால் கஞ்சி ஊற்றுவேன்" என்று உரக்க நேர்ந்துகொண்டார். எழுந்து, வேட்டி மாதிரி அங்கியை உதறிவிட்டு, இப்போது இது பொய்யல்ல, ஊற்றுங்கள் என்றார். ஞானம்மாக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. வேண்டுதல் பலித்த பிறகுதானே அசனம் போடவேண்டும், இதென்ன தலைகீழாக இருக்கிறது என்று கேட்டாள். சாமியார் கொட்டாங்கச்சியை நீட்டியபடி சொன்னார்: "அந்தோணியார் நாணயமானவர், ஞானம்மா. அவரிடம் முன்கூட்டிச் செலுத்தலாம்."

இன்னொரு பிடி

உத்தரிக்கிற ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. போடியில் கல்லறைகளை மந்திரித்துவிட்டு, சாமியாரும் நானும் தீர்த்தச் செம்போடு குரங்கணிக்குப் போனோம். பெயர் தெரியாத அந்த மனுஷரை ஊர்க்காரர்கள் அவர்கள் வழக்கப்படி அடக்கம் செய்திருந்தார்கள். சாமியார் அந்தப் பாறையண்டை நின்று ஒரு ஜெபம் சொன்னார். கஞ்சிக்கு வந்தவர்களும் எங்களோடு நின்றார்கள். கொட்டகையைப் பிரிக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்தோணியாரும் அரிசி மூட்டையைவிட்டு இறங்கவில்லை. மார்கழி வரைக்கும் சவேரியம்மாள் என்னோடு பேசவில்லை.

திரும்பும்போது கருப்பாயி ஓடிவந்தாள். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது. முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். பிடியரிசி எந்தக் கலயத்தில் போடவேண்டும் என்று கேட்டாள். அவள் வீட்டில் அரிசி என்பது பண்டிகைக்குப் பண்டிகை பார்க்கிற சாமான். வேண்டாம், உன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள் என்றுதான் எனக்கு வாயில் வந்தது. நல்லவேளை, அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு, சவேரியம்மாள் வீட்டில் இருப்பது போன்ற ஒரு சின்னக் கலயத்தைக் கொட்டகையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் அதன் வாயைப் பார்த்தாள். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தன் கையை விரித்துப் பார்த்தாள். "இது பத்தாதுங்கய்யா, வேற பெருசா கொண்டாங்க. எம் பிடி பெருசு" என்றாள்.

பசித்தவருக்குக் கஞ்சி ஊற்ற அரிசியும் விறகும் அண்டாவும் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது, அத்தோடு நல்ல ஒழுகலாகப் பார்த்து ஒரு கோயில் கூரையும் வேண்டும்.